சோலைமந்திக்குச் சாலை ஏன் மதிலாகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மழைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு ஒன்று உண்டு. கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, நுனியில் குஞ்சம் கொண்ட குட்டையான வால். சிங்கவால் குரங்கு என்று நூல்கள் குறிக்கும் இதைச் சோலைமந்தி என்றும் அழைக்கிறோம், எனக்குப் பிடித்த பெயர் இதுவே. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து இன்று எஞ்சியிருப்பவை சுமார் 4,000 மட்டுமே.

இதற்கு நெருங்கிய உறவான நாட்டுக்குரங்கு, கோயில் மதிலிலும் பேருந்து நிலையத்திலும் பெருகி வாழ்கிறது. அப்படியிருக்க, சோலைமந்தி மட்டும் அருகிப்போவது ஏன்? முதற்காரணம் இனப்பெருக்கத்தின் வேகம். நாட்டுக்குரங்கு பெரும்பாலும் ஆண்டுதோறும் குட்டி ஈனும். சோலைமந்தியோ ஆறு வயதைத் தாண்டித்தான் முதற்குட்டியைப் பெறுகிறது, அடுத்த குட்டிக்கு இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே சாலையில் அடிபட்டு இறக்கும் ஒரு தாயின் இடத்தை அந்தக் கூட்டம் எளிதில் நிரப்பிவிட முடியாது.

இரண்டாவது காரணம் அதன் உணவும் நடமாட்டமும். இலையுண்ணும் இன்னொரு குரங்கான கருமந்திக்குப் பல அறைகள் கொண்ட இரைப்பை உண்டு, அதில் வாழும் நுண்ணுயிரிகள் மாட்டின் வயிற்றில் நடப்பதைப்போல இலைகளை நொதிக்கச் செய்து கொடுப்பதால் அது தழையை உண்டே வாழ்ந்துவிடும். சோலைமந்தியின் எளிய இரைப்பைக்கு அது இயலாது. பழம், விதை, பூந்தேன், பூச்சி என்று சத்துமிக்க உணவையே அது நாடியாக வேண்டும். முள் அடர்ந்த வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையெடுக்கும், சுணையுள்ள கம்பளிப்புழு கிடைத்தால் இலையால் தேய்த்துச் சுணையை நீக்கிவிட்டு உண்ணும். கிடைத்ததைக் கன்னப்பைகளில் திணித்துக்கொண்டு நகர்ந்தபடியே மெல்லும். இத்தகைய உணவு காட்டில் சிதறிக் கிடப்பதாலும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதாலும் பத்து இருபது குரங்குகள் கொண்ட ஒரு கூட்டத்துக்குச் சில சதுர கிலோமீட்டர் காடு தேவைப்படுகிறது. அந்தப் பரப்பு முழுவதையும் அது கிளைவழியாகவே கடக்க விரும்புகிறது, தொடர்ச்சியான காட்டில் தரையிறங்குவது அரிது.

கூட்டத்தில் பெண்கள் பிறந்த இடத்திலேயே தங்க, பருவமடையும் ஆண்கள் வெளியேறி வேறு கூட்டம் தேடிச் செல்லும். மரபணுக்கள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழி இதுதான். மரக்கவிகை, அதாவது மரங்களின் கிளைகள் கோத்து அமைந்த மேற்கூரை, அறுந்தால் இந்த வழியும் அறுந்துவிடுகிறது.

வால்பாறையில் இதைக் கண்கூடாகக் காணலாம். தேயிலைக்காகக் காடு அழிக்கப்பட்டபின் மழைக்காடு அங்கே தீவுத் துண்டுகளாக எஞ்சியது. தேயிலைக்கு நிழலாக நட்ட, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடுவதுமில்லை, இக்குரங்குக்கு உணவாகும் பழம் தருவதுமில்லை. அதனால் அங்குள்ள புதுத்தோட்டம் என்னும் எஸ்டேட்டின் துண்டுக்காட்டுக் குரங்குகள் தரையிறங்கவும் சாலையைக் கடக்கவும் வீட்டுக் கூரைகளில் ஏறவும் பழகிக்கொண்டன. இதைக் குரங்கின் குறும்பு என்று சொல்வது தவறு, மேலே வழியில்லாததால்தான் அது கீழே வருகிறது.

சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டப்பட்ட தொங்குபாலங்களைக் குரங்குகள் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருப்பது பெரும் ஆறுதல். ஆனால் பாலம் வழியைத்தான் தரும், உணவைத் தராது. அதற்காகவே வனத்துறையும் தோட்டங்களும் ஒத்துழைக்க, இயற்கைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மண்ணுக்குரிய மரங்களின் நாற்றுகளை வளர்த்துச் சிதைந்த துண்டுகளில் நட்டு வருகிறார்கள். அந்த நாற்றுகள் கிளைகோத்துக் கவிகையாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். அதுவரை தொங்குபாலங்களைப் பழுதுபார்த்துக்கொண்டும், சாலையோரம் நிற்கும் பழைய மரங்களை வெட்டாமலும், குரங்குக்குத் தின்பண்டம் வீசாமலும் இருந்தாக வேண்டும்.