குமரியில் கிழங்குக்குத் தண்ணீர்தான் நாட்காட்டி

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசியில் டூலிப் கிழங்கு பத்து வாங்கினேன். அதற்குக் குளிர் வேண்டும் என்று தெரியும். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் காகித உறையில் போட்டு மூன்று மாதம் வைத்திருந்து, தை கடைசியில் தொட்டியில் நட்டேன். பத்தும் முளைத்தன. சாம்பல் படர்ந்த பச்சையில் அகலமான இலைகள் வந்தன. பூ ஒன்றுகூட வரவில்லை. மனது கேட்காமல் ஒரு கிழங்கைத் தோண்டி நெடுக்காக வெட்டினேன். நடுவில் மொட்டு இருந்தது. தாள்போலக் காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்த மூன்று மாதமும் அதே அடித்தட்டில் மட்டிப்பழமும் ஏத்தன்பழமும் மாறி மாறி இருந்தன. பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழமும் சீக்கிரம் பழுப்பது இதனால்தான். டூலிப் கிழங்குக்குள் இருக்கும் மொட்டு இந்த வாயு பட்டால் உள்ளேயே கருகிவிடும்.

வெட்டிய கிழங்கைப் பார்த்தபோது வருத்தத்தோடு ஒரு வியப்பும் இருந்தது. நாம் நட்ட பிறகு செடி பூவை உருவாக்குகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கும்போதே பூ உள்ளே இருக்கிறது. வெளியே வர வேண்டிய நாளைத் தெரிந்துகொள்ளத்தான் அது காத்திருக்கிறது. மண்ணுக்குள் இருட்டில் இருக்கும் ஒரு பொருளுக்கு அந்த நாள் எப்படித் தெரியும்?

இதைப் புரிந்துகொள்ள நம் அடுக்களையே போதும். ஒரு பல்லாரி வெங்காயத்தை நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். அடியில் வேர் முளைக்கும் கட்டியான தட்டு இருக்கிறதே, அதுதான் தண்டு. மேலே அடுக்கடுக்காக இருப்பவை இலைகளின் அடிப்பகுதிகள், சாப்பாட்டைச் சேமித்துத் தடித்துப்போனவை. நடுவில் வெளிறிய பச்சையாகத் தெரிவது மொட்டு. இதைத் தாவரவியலில் குமிழம் என்கிறார்கள். உள்ளி என்கிற சின்ன வெங்காயமும் டூலிப்பும் அமரில்லிஸும் குமிழம்தான். சேம்பும் சேனையும் வேறு: வெட்டினால் அடுக்கு இருக்காது, தண்டே தடித்து உருண்டிருக்கும். அது கந்தம். இஞ்சியும் மஞ்சளும் கச்சோலமும் படுத்துக்கொண்டு வளரும் தண்டுகள், மட்டநிலத்தண்டு. மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெறும் வேர். அதில் மொட்டே கிடையாது, அதனால்தான் நாம் கிழங்கை நடாமல் கம்பை நடுகிறோம். மொட்டுள்ள மற்றவற்றுக்கு உருவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வாழ முடியாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, சாப்பாட்டோடும் மொட்டோடும் மண்ணுக்குள் ஒளிந்துகொள்வது.

எந்த மாதங்கள் வாழ முடியாதவை என்பது ஊருக்கு ஊர் மாறும். டூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைப்பகுதி. அங்கே எதிரி பனி. கோடையில் மண்ணுக்குள் ஓய்வாக இருக்கும்போது, ஏறக்குறைய 17 முதல் 20 டிகிரி வெப்பத்தில், கிழங்குக்குள் பூ உருவாகிவிடுகிறது. அப்புறம் 9 டிகிரிக்குக் கீழே மூன்று மாதத்துக்கும் மேல் குளிர் வேண்டும். அந்தக் குளிரில்தான் அடுக்குகளில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, பூந்தண்டின் செல்கள் நீளத் தயாராகின்றன. குளிர் போதாவிட்டால் தண்டு எழும்பாது. பூ இலைகளுக்கு நடுவே குட்டையாக மாட்டிக்கொள்ளும், அல்லது உள்ளேயே காய்ந்துபோகும். நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் 1920களில் ஆன்டன் பிளாவ் என்ற தாவரவியலாளர், வெவ்வேறு வெப்பநிலையில் வைத்த கிழங்குகளை வெட்டிப் பார்த்து இதுபோன்ற கணக்குகளைப் போட்டார். இன்று உலகம் முழுக்கக் குளிர் அறையில் வைத்துக் கிழங்கைப் பூக்கவைக்கும் தொழிலுக்கு அடித்தளம் அந்த ஆராய்ச்சிதான். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கரையில் பங்குனி, சித்திரையில் லட்சக்கணக்கில் டூலிப் பூக்கிறது என்றால், மார்கழியும் தையும் அங்கே மண்ணை உறையவைப்பதால்தான்.

நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். குளிர் இங்கே அடையாளமாக இருக்க வழியில்லை. சரி, பகலின் நீளம்? ஆம்ஸ்டர்டாமில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கே இருக்கும் கன்னியாகுமரியில் அது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். வருடம் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வெப்பம், ஒரே நீளப் பகல். நம் ஊரில் பெரிதாக மாறுவது தண்ணீர். தையும் மாசியும் காய்ச்சல். சித்திரையில் இடியோடு கோடை மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி வடகிழக்கு மழை. நம் மண்ணில் நன்றாகப் பூக்கும் கிழங்குகள் பலவும் இந்தக் கணக்கைத்தான் படிக்கின்றன.

மழை லில்லியைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, இன்று நம் ஊரில் வீட்டு வாசல்தோறும் இருக்கிறது. மாசி, பங்குனியில் புல் காய்ந்ததுபோல் கிடக்கும். முதல் பெரிய மழை பெய்து ஒரு வாரம் ஆகும் முன்பே தொட்டி முழுக்க இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ நிமிர்ந்து நிற்கும். ஒரு வாரத்தில் ஒரு பூவைப் புதிதாகச் செய்ய இந்தச் செடியால் முடியாது. அது முன்பே செய்து வைத்திருந்தது. வறட்சியில் வளர்ச்சி நின்றுபோனதால் மொட்டு அந்த நிலையிலேயே காத்திருந்தது. மழை வந்ததும் வேர் தண்ணீரை இழுக்கிறது, பூந்தண்டின் செல்கள் பலூன்போல நீளத்தில் உப்புகின்றன. புதிய செல்கள் பெருகுவதைவிட, இருக்கும் செல்கள் நீர் குடித்து நீள்வதுதான் அங்கே பெரும்பங்கு வேலை. அதனால்தான் அந்த வேகம். மலைத்தோட்டங்களில் காப்பிச்செடி பங்குனி மழைக்குப் பிறகு ஒரே நாளில் வெள்ளையாகப் பூப்பதும் இதே ஏற்பாடுதான்.

தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறவர் வீட்டில் மழை லில்லி நிறைய இலை விட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். அன்பு குறைவில்லை, ஆனால் அந்தச் செடிக்குக் கோடை என்ற ஒன்று வந்ததே தெரியவில்லை. மூன்று, நான்கு வாரம் சுத்தமாகக் காயவிட்டு, பிறகு ஒருநாள் தொட்டியின் அடிவரை நனையும்படி ஊற்றுங்கள். மழை இல்லாமலே பெரும்பாலும் பூக்கும்.

கிழங்குச் செடிக்குத் தொட்டி தரையைவிட உசத்தி என்று நான் சொல்வது இதனால்தான். தரையில் நட்டால் மழையை நிறுத்த முடியாது. தொட்டியைத் தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்துவிடலாம், வெளியே எடுக்கும் நாளை நாமே தீர்மானிக்கலாம்.

ஆனால் தொட்டிக்குள் தண்ணீர் நடந்துகொள்ளும் விதம் தரையில் போல இருக்காது. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதைச் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் ஒழுகும்! ஸ்பாஞ்சின் துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரம்வரைதான் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியும். உயரம் கூடினால் மிச்சம் கீழே வடிகிறது. தொட்டி மண்ணும் அப்படியே. எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும் அடியில் சில அங்குலம் சொதசொதவென்று ஈரமாகவே நிற்கும். அந்த ஈர அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் துகள் அளவு. தொட்டி ஆழமா குட்டையா என்பதால் அது மாறாது. அப்படியானால் குட்டைத் தொட்டியில் கிழங்கு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருக்கும். ஆழமான தொட்டியில் சேற்றுக்கு மேலே, காற்றோட்டமான இடத்தில் இருக்கும். கிழங்கும் மூச்சு விடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் முதலில் வேர் முளைக்கும் அடித்தட்டுதான் அழுகும்.

அடியில் ஜல்லியும் உடைந்த ஓடும் போட்டால் தண்ணீர் வடியும் என்பது பலரும் செய்யும் வழக்கம். நானும் வருடக்கணக்கில் செய்தேன். உண்மையில் நடப்பது வேறு. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் சுலபமாக இறங்காது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும், கிழங்குக்கு இன்னும் பக்கமாக. ஓட்டையை மூடும் அளவுக்கு ஓர் ஓட்டுச்சில் போதும், அது மண் வெளியே ஓடாமல் இருப்பதற்கு. மாற்ற வேண்டியது மண்ணைத்தான். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, தேங்காய்க் கதம்பையிலிருந்து தும்பு எடுத்த பிறகு மிஞ்சும் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய சாணம் அரைப் பங்கு. நார்த்தூள் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அதை மட்டுமே நிரப்பக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பையின் தூளாக இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

இனி நிழல். தென்னையும் பலாவும் அயனியும் நிற்கும் முற்றத்தில் வெயில் பூக்கள் வளராது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த நிழலுக்கென்றே செடிகள் இருக்கின்றன. ஆனால் நிழல் எல்லாம் ஒன்றல்ல. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியை விட்டுவிடுகின்றன. திறந்த வெளியில் இந்த இரண்டும் ஏறக்குறைய சமம். அடர்ந்த மரத்தடியில் சிவப்பின் பங்கு தொலைசிவப்பில் பத்தில் ஒன்றாகக்கூட இறங்கிவிடும். செடியின் செல்களில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தை அளந்துகொண்டே இருக்கிறது. வெயில் செடி அந்த நிழலில் ‘மேலே யாரோ மறைக்கிறார்கள்’ என்று கண்டு, சேமிப்பையெல்லாம் செலவழித்து ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும். சுவரின் நிழலில் வெளிச்சம் குறையும், ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறாது. அதனால் வீட்டின் வடக்குச் சுவரோரம் பிழைக்கும் செடி, பலா மரத்தடியில் திணறலாம்.

நிழலில் பிறந்த செடி இந்தப் பதற்றம் இல்லாதது. மெல்லிய, அகன்ற இலை. அதில் பச்சையம் அதிகம். மூச்சுக்கான செலவும் குறைவு. கொஞ்ச வெளிச்சத்திலேயே வரவு செலவைக் கட்டிவிடும். தென்னை ஓலை அசையும்போது ஓடிப்போகும் வெயில் பொட்டுகளைக்கூடப் பிடித்துக்கொள்ளும். காட்டின் அடித்தளத்தில் இருக்கும் செடிகளுக்கு ஒரு நாளின் வருமானத்தில் பெரும்பகுதி இந்தப் பொட்டுகளிலிருந்துதான் வருகிறது.

என் வீட்டில் தென்னை நிழலில் ஒரு பெரிய மண்தொட்டி இருக்கிறது. நடுவில் மூன்று ஃபுட்பால் லில்லி, கழுத்து மண்மட்டத்தில் தெரியும்படி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கு, வருடத்துக்கு ஒரே முறை, நம் கணக்கில் சித்திரை, வைகாசியில், நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பூக்களை ஒரே சிவப்பு உருண்டையாக விரிக்கும். அதைச் சுற்றிக் கச்சோலம். அதன் இலை மண்ணோடு ஒட்டிப் படுத்து, மண்ணைக் காயாமல் காக்கும். ஆடிவாக்கில் ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூ வரும். விளிம்பில் காசித்தும்பை விதை. இவற்றைச் சேர்த்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. மூன்றும் ஒரே நேரத்தில் உறங்குகின்றன: தையில் இரண்டு கிழங்குகளும் இலையை உதிர்த்துவிடும், காசித்தும்பை விதையாகக் காத்திருக்கும். தொட்டிக்கு இரண்டு மாதம் தண்ணீர் காட்டாமல் இருக்க அப்போது மனத்தடை இருக்காது. உறங்கும் காலம் வேறுபட்ட செடிகளை ஒரே தொட்டியில் போட்டால் ஏதாவது ஒன்று அழுகும் அல்லது காயும்.

செங்காந்தளுக்குத் தனித் தொட்டி வையுங்கள். அதன் கிழங்கு கலப்பைபோல இரண்டு கிளையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு மொட்டுதான். நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. அதனால் எடுக்கும்போது குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். அடிமண் குளிர்ச்சியாக, தலை வெயிலில் இருக்க அதற்குப் பிடிக்கும். படர ஒரு கம்பும் வேண்டும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. செங்காந்தள் கிழங்கில் கோல்கிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது, உயிர்போகும். ஃபுட்பால் லில்லியும் மழை லில்லியும் நஞ்சுதான். மழை லில்லிக் கிழங்கைத் தோண்டி எடுத்தால் அச்சு அசல் உள்ளி மாதிரியே இருக்கும். அதை அடுக்களைப் பக்கம் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். காயவைப்பதானால் பெயர் எழுதிய டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பூ வாடிய பிறகு செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பார்க்க நன்றாயில்லை என்று இலையை வெட்டிவிடுகிறோம். அமரில்லிஸ் ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூங்கொத்து என்ற வரிசையில் குமிழத்துக்குள் மொட்டு வைத்துக்கொண்டே போகும். இன்று விரியும் பூவின் தொடக்கம் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முந்தையது. ஆகவே இந்த வைகாசியில் நீங்கள் வெட்டும் இலை, அடுத்த வருடப் பூவின் சாப்பாடு. கார்த்திகை மழை ஓயும்வரை இலை இருக்கட்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சாம்பலும் மக்கிய உரமும் கொடுங்கள். மார்கழிக் கடைசியில் இலை தானாக மஞ்சளாகும்போது தண்ணீரை நிறுத்தி, தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். சித்திரையில் முதல் இடி கேட்கும் அன்று சாயங்காலம் வெளியே எடுத்து வைத்தால் போதும்.