கோவைக்குக் குடிபோகிறீர்களா? மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டு இறங்குங்கள்

ஆண்டு இறுதித் தேர்வு முடிந்ததும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பீரோவும் கட்டிலும் லாரி ஏறத் தொடங்கிவிடும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகக் கோவையில் வீடு பிடிப்பவர்கள், எஸ்டேட்டில் ஓய்வு பெற்று, லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்ச் சேரும் முதியவர்கள் எனக் காரணங்கள் பல. கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதையும் மறப்பதில்லை. வீட்டுப் பெரியவர் தினமும் விழுங்கும் மாத்திரைகள் மட்டும் யார் நினைவுக்கும் வருவதில்லை. நீலகிரியில் பொது மருத்துவம் பார்க்கும் நான் இதை எழுத அதுதான் காரணம்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவை சுமார் 410 மீட்டர். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் கூடும். அந்தக் கணக்கில் பார்த்தால், காலையில் ஊட்டியில் பஸ் ஏறி மதியம் கோவையில் இறங்குகிறவரின் உடல் அரை நாளில் 12 டிகிரி கூடுதல் வெப்பத்தைச் சந்திக்கிறது. பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். உடம்புக்குள் நடக்க வேண்டிய மாற்றத்துக்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும்.

அந்த நாட்களில் வியர்வை முன்பைவிடச் சீக்கிரம் சுரக்கவும் அதிகமாகச் சுரக்கவும் பழகுகிறது. வியர்வையோடு வெளியேறும் உப்பு குறைகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் படபடக்காமல் வேலை செய்கிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கோடை விடுமுறைக்கு மலைக்கு வந்து ஒரு மாதம் தங்கினால், பழகிய உடம்பு மீண்டும் குளிருக்குத் திரும்பிவிடும். கீழே போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மகனோடு திருப்பூருக்குப் போன ஓர் அம்மாவை, சில வாரங்களிலேயே மலைக்குத் திரும்ப அழைத்து வந்தார்கள். "படுக்கையிலிருந்து எழுந்தாலே கண்ணை இருட்டுகிறது டாக்டர், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். உட்கார்ந்திருக்கும்போது பார்த்த ரத்த அழுத்தமே குறைவு. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தபோது இன்னும் இறங்கியது. நாக்கு காய்ந்திருந்தது. பையிலிருந்து அவர் எடுத்த மாத்திரை அட்டைகளில் இரண்டு பிரஷர் மாத்திரைகள், சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைக்கும் ஒரு நீர் மாத்திரை. மூன்றும் மலைக் குளிரில் இருந்தபோது எழுதிக் கொடுத்தவை. அளவைக் குறைத்து, தண்ணீரும் குடிக்க வைத்ததில் சில நாட்களில் தெளிந்துவிட்டார். வெயில் பாதிக் காரணம்தான், அம்மா. மீதி உங்கள் பையில் இருந்தது.

குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும், அழுத்தம் கூடும். வெப்பத்தில் அவை விரியும், அழுத்தம் இறங்கும். அதோடு வியர்வையில் நீர் போகிறது, நீர் மாத்திரையாலும் போகிறது. மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், சோடியம் குறைந்து குழப்பத்தோடு வந்து சேருவதும் இப்படித்தான். மனநலச் சிகிச்சைக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு நீர்ச்சத்து குறைந்தால் மருந்தே ரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும். சில மனநல மாத்திரைகளும், சளிக்குத் தரும் சில பழைய அலர்ஜி மாத்திரைகளும் வியர்வையையே குறைத்துவிடும். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மிகவும் கேட்டுக்கொள்கிறேன். இறங்குவதற்கு முன் மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள். குடிபோன இரண்டாவது வாரத்தில் அங்கே ஒரு முறை உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலையில் பல வீடுகளில் இன்சுலின் குப்பி சமையலறை அலமாரியிலேயே இருக்கும். பயன்பாட்டில் உள்ள குப்பியை 25 முதல் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்பதால் இங்கே பெரிய பாதகம் இல்லை. கோவையின் ஏப்ரல், மே மாதத்து அறையில் அதே குப்பி வீரியம் இழந்துவிடும். பிரிட்ஜின் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பிரிட்ஜ் இல்லாவிட்டால், ஈர மணல் பரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறு பானையை இறக்கி, அதில் குப்பியை வைத்து மூடுங்கள். வெப்பத்தில் இன்சுலின் ரத்தத்தில் வேகமாகக் கலக்கும் என்பதால் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும். மலையில் குப்பென்று வியர்த்தால் சர்க்கரை இறங்குகிறது என்று வீட்டாருக்கே தெரிந்துவிடும். கீழே எல்லோருக்கும் எந்நேரமும் வியர்க்கிறது. அந்த அடையாளம் மறைந்துபோகிறது. கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் இருந்தால் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

மலைவாசிகள் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள். நாளுக்கு நாலு டீ, சாப்பாட்டோடு ஒரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கியிருக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். மோர், கஞ்சி, இளநீர் நல்லவை. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருப்பவர்கள் மட்டும் தண்ணீருக்கும் உப்புக்கும் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது. அவர்களுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியமும் ஆபத்தாகலாம்.

வீடு பிடிக்கும்போது வாடகை குறைவு என்று மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையையோ ஷீட் கூரை வீட்டையோ பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பகலில் வாங்கிய வெப்பத்தைக் கூரை இரவெல்லாம் இறக்கிக்கொண்டிருக்கும். மலையில் மாலையானதும் ஜன்னலைச் சாத்திப் பழகிய கை, கீழேயும் அதையே செய்யும். அங்கே நண்பகலில் சாத்தி இரவில் திறக்க வேண்டும், கொசு வலையோடு.

முடிந்தால் பெரியவர்களை மே மாதத்தில் இறக்காதீர்கள். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கியதும் கோவை குளிர்ந்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்காக முன்னால் போகட்டும். தாத்தா பாட்டி சில வாரம் தாழ்த்திப் போகட்டும். மூச்சிரைப்பு உள்ள சிலருக்கு, காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி கூடுவதால் கீழே உடம்பு தேறுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டியதில்லை.

உடம்பு அனலாகக் கொதித்து, சம்பந்தமில்லாமல் பேசினாலோ நினைவு தவறினாலோ அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள், குடிபோன முதல் வாரத்திலேயே புதிய பகுதியின் அரசு சுகாதார நிலையத்தில் பழைய சீட்டோடு போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையில் ஒரு மாத மாத்திரை இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.