பழைய கார் புகைப் பரிசோதனையில் தேறுவது எப்படி? விதி கேட்பது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன

பரிசோதனைத் தேதி நெருங்கும்போது பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் பயப்படுவதற்கு ஒரு தவறான எண்ணம் காரணம். இன்று ஷோரூமிலிருந்து வெளிவரும் வண்டிக்கு உள்ள அளவுகோலைத் தங்கள் வண்டிக்கும் வைப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் விதி அப்படி இல்லை. ஒரு காரை அது தயாரான காலத்தின் தரத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்த எஞ்சின் பிறந்த காலத்தில் எவ்வளவு சுத்தமாக ஓடியிருக்க வேண்டுமோ, இப்போதும் அதற்குப் பக்கத்தில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. நல்ல நிலையில் இருக்கும் பழைய கார் தேறும், தேற வேண்டும் என்று நினைத்தே இந்த விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 ஆகஸ்டுக்கு முன் ஓடத் தொடங்கிய பெட்ரோல் காருக்குக் கண்ணால் பார்க்கும் புகைச் சோதனை மட்டும்தான். அதிலிருந்து 1986 ஜூலை வரையிலான கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை போகலாம். அதற்கு அடுத்து வந்த, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் பாகம்) இல்லாத கார்களுக்கு 3.5. கன்வெர்ட்டர் வந்த பிறகு அந்த எண் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தியாவிலும் இதே முறைதான். பாரத் ஸ்டேஜ் என்பது இங்குள்ள புகைத் தரப் படிநிலை. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிக்கு 3 சதவீதம், ஸ்டேஜ் 2, 3 வண்டிகளுக்கு 0.5, ஸ்டேஜ் 4-க்கு 0.3. கலிஃபோர்னியாவில் 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் கார்களுக்குப் பரிசோதனையே கிடையாது. 1976 முதல் 1999 வரையிலான மாடல்களுக்குச் சைலன்சர் குழாயில் கருவி வைத்து அளக்கிறார்கள். 2000 மாடல் முதல் வந்தவற்றில் காரின் கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறார்கள்.

அதனால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன் பதிவுச் சான்றிதழை எடுத்து, கார் தயாரான ஆண்டையும் அது எந்தத் தரத்தின் கீழ் வருகிறது என்பதையும் பாருங்கள். பல கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இது இருக்கும். எஞ்சினை மாற்றியிருந்தாலும், வேறு நாட்டிலிருந்து கொண்டுவந்த வண்டியாக இருந்தாலும், எந்த ஆண்டுக் கணக்கில் அளப்பார்கள் என்று பரிசோதனை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

என்னென்ன அளக்கிறார்கள்?

பெட்ரோல் காரில் முக்கியமானவை மூன்று. முழுதாக எரியாத எரிபொருளிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாமலே வெளியேறும் ஹைட்ரோகார்பன், எரிப்பு அறையில் வெப்பம் மிக அதிகமாகும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். கடைசியில் சொன்னது எஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் அதிகம் வரும். அதனால் காரை உருளைகள் மேல் ஓட்டிப் பார்க்கும் நிலையங்களில்தான் அதை அளக்க முடியும். நின்ற இடத்தில் சோதிக்கும் நிலையங்களில் முதல் இரண்டையும், கன்வெர்ட்டர் உள்ள கார்களில் கூடவே லாம்டா என்ற எண்ணையும் பார்ப்பார்கள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கலவைதான் லாம்டா 1. பிரிட்டனிலும் இந்தியாவிலும் இது 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

டீசல் காரில் புகை எவ்வளவு அடர்த்தி என்பதுதான் கணக்கு. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து எஞ்சினை உச்ச வேகம்வரை கொண்டுபோய் அளப்பார்கள். எஞ்சினுக்கு இது கடுமையான சோதனை. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு தாண்டியிருந்தால் பரிசோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். எண்ணெய் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த எஞ்சினோடு போகாதீர்கள்

நல்ல வண்டிகூடத் தோற்றுப்போக இதுவே காரணமாகிவிடும். கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரும் சூடானால்தான் சரியான தகவல் தரும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும், கார்புரேட்டர் காரில் சோக் அதே வேலையைச் செய்யும். பக்கத்துத் தெருவில்தான் நிலையம் இருக்கிறது என்று நேராக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் கார்பன் மோனாக்சைடு எகிறும். இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டுப் போங்கள். வரிசையில் காத்திருக்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முறை வரும்போது கன்வெர்ட்டர் ஆறிப்போயிருக்கும்.

செக் எஞ்சின் விளக்கும், பலரும் மாட்டிக்கொள்ளும் இடமும்

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் ஓபிடி என்ற சுய கண்காணிப்பு அமைப்பு கட்டாயம். புகையைப் பாதிக்கும் பழுது வந்தால் அது குறிப்பு எண் ஒன்றைப் பதிந்துகொண்டு செக் எஞ்சின் விளக்கை எரியவிடும். கம்ப்யூட்டரைக் கேட்டுச் சோதிக்கும் இடங்களில் அந்த விளக்கு எரிந்தாலே தோல்விதான், குழாயிலிருந்து வருவது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி.

உடனே தோன்றும் யோசனை, ஸ்கேனரை மாட்டி அந்தக் குறிப்பை அழித்துவிட்டு அதே கையோடு பரிசோதனைக்குப் போய்விடலாம் என்பது. இது பலிக்காது. குறிப்பை அழிக்கும்போது ரெடினஸ் மானிட்டர்கள் எனப்படும் சுய சோதனை முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவிக் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றையும் கார் தானே மறுபடி சோதித்து முடிக்கும்வரை ‘தயாராக இல்லை’ என்றே காட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல்படி 1996 முதல் 2000 வரையிலான மாடல்களில் இரண்டு மானிட்டர்கள் வரையும், 2001 முதல் வந்த மாடல்களில் ஒரே ஒரு மானிட்டரும் முடியாமல் இருக்கலாம். அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பெரும்பாலான பழைய கார்களில் இதே கதைதான். பரிசோதனைக்கு முந்தைய நாள் புது பேட்டரி போட்டுவிட்டு, எந்தப் பழுதும் இல்லாமலே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. 2010 மாடல் தொடங்கி வந்த கார்களில் ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறிப்புகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் அவற்றையும் பார்க்கிறது.

மானிட்டர்களை முடிக்க வைக்கக் கடினமான வித்தை எதுவும் வேண்டாம். முதலில் பழுதைச் சரிசெய்யுங்கள். அப்புறம் இரவு முழுக்க ஆறிய எஞ்சினை இயக்கி, இரண்டு மூன்று நிமிடம் நின்ற நிலையில் ஓட விட்டு, பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். பாதுகாப்பான இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக் போடாமல் வேகம் தானாகக் குறைய விடுங்கள். பெட்ரோல் டாங்க் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருக்கட்டும். ஆவிக் கட்டுப்பாட்டுச் சோதனை முழு டாங்கிலும் காலி டாங்கிலும் ஓடாது. இப்படிச் சில நாட்கள் ஓட்டினால் பெரும்பாலான கார்கள் தயாராகிவிடும். விலை மலிவான ஓபிடி கருவியிலேயே மானிட்டர் நிலை தெரியும். அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

இன்னொன்று, பெட்ரோல் டாங்க் மூடியின் ரப்பர் வளையம். அது வெடித்துப்போயிருந்தால் ஆவி கசிகிறது என்று கம்ப்யூட்டர் விளக்கை எரியவிடும். பெரிய பழுது என்று பதறுவதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள்.

தோற்றுவிட்டால் அந்தத் தாளைப் படியுங்கள்

எனக்கு மிகுந்த அக்கறை உள்ள இடம் இது. பழைய கார் ஓட்டுகிறவர்களில் பலர், புதுசு வாங்க வசதி இல்லாததால்தான் ஓட்டுகிறார்கள். தோற்றவுடன் ‘கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்தணும்’ என்று யாரோ சொல்ல, இருப்பதிலேயே அதிக விலையுள்ள பாகத்தை மாற்றிவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடியும் தோற்கிறார்கள். நிலையம் தரும் அளவுத் தாளிலேயே பாதி நோய் எழுதியிருக்கும். இந்தியாவில் 2021-ல் வந்த மாற்றத்தின்படி, தேறாத வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும். எங்கே இருந்தாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார்பன் மோனாக்சைடு மட்டும் உயர்ந்திருந்தால் கலவையில் எரிபொருள் அதிகம் என்று பொருள். அடைத்த ஏர் ஃபில்டர், சொட்டும் இன்ஜெக்டர், சோர்ந்துபோன ஆக்சிஜன் சென்சார், இறுகி நின்ற சோக், அளவு மாறிப்போன கார்புரேட்டர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம். எஞ்சின் சூடேறுவதே இல்லை என்பதால் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

கார்பன் மோனாக்சைடு சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. ஸ்பார்க் பிளக், பிளக் வயர், இக்னிஷன் காயில், காற்றுக் கசியும் வேக்குவம் குழாய், இந்த வரிசையில் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் குறையவில்லை என்றால் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை (கம்ப்ரெஷன்) அளந்து பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. அது வால்வு சீலிலோ பிஸ்டன் ரிங்கிலோ போய் முடியும். அதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிக்க அனுப்பும் சிறிய பாகமான பிசிவி வால்வைக் கழற்றிப் பாருங்கள், சில சமயம் குற்றவாளி அதுதான்.

நைட்ரஜன் ஆக்சைடு உயர்ந்தால் கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் பாகம்), எஞ்சின் அதிகம் சூடாவது, முன்தள்ளிப்போன இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். லாம்டா 1.03-ஐத் தாண்டி, மற்ற எண்கள் ஓரளவு சரியாக இருந்தால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போய்க் கணக்கைக் கெடுக்கும். இதற்கு வெல்டிங் போதும்.

கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்துப்போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் சும்மா சாவதில்லை. எரியாத பெட்ரோல் தொடர்ந்து வந்து உள்ளே எரிந்தாலோ, எண்ணெயோ கூலண்டோ கலந்து வந்தாலோதான் கெடுகிறது. அந்த மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம் ‘பழையது எதனால் கெட்டது?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள்.

மறுபரிசோதனை, விலக்கு, உதவி

பழுதுபார்த்த பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் திரும்பப் போனால் பல இடங்களில் மறுபரிசோதனைக்குக் கட்டணம் குறைவு, சில இடங்களில் இலவசம். எத்தனை நாள் என்பதைத் தோற்ற அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், நிர்ணயித்த தொகைவரை பழுதுபார்த்தும் தேறாத காருக்கு ஒரு சுற்று விலக்கு தருகிறார்கள். அதற்கு ரசீதுகள் வேண்டும், எல்லா பில்லையும் வைத்திருங்கள். கலிஃபோர்னியாவில் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற அரசு அமைப்பு, வருமானம் குறைந்தவர்களின் கார் தோற்றால் பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. காரைக் கழிவுக்குக் கொடுப்பவர்களுக்கும் பணம் தருகிறது. ஆனால் சொந்தச் செலவில் பழுது பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் கிடைக்காது. முதலில் விண்ணப்பம், அனுமதி வந்த பிறகுதான் வேலை. பிரிட்டனில், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத, 40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனையிலிருந்தே விலக்கு உண்டு.

தேறாத வண்டியை அப்படியே ஓட்டுவதற்கான தண்டனையும் லேசானதல்ல. இந்தியாவில் 2019 திருத்தச் சட்டத்துக்குப் பின், வரம்பை மீறிப் புகை கக்கும் வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய்வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

செய்யக் கூடாதவை

கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைப்பது, டீசல் காரின் துகள் வடிகட்டியை உள்ளே உடைத்துக் காலி செய்வது, விளக்கு பல்பையே பிடுங்கிவிடுவது, காசு கொடுத்து வண்டியைக் காட்டாமலே சான்றிதழ் வாங்குவது. இவை பல நாடுகளில் சட்டப்படி குற்றம். பிரிட்டனில் 2018 மே முதல், வடிகட்டியில் கைவைத்த அடையாளம் தெரிந்தாலே அந்த டீசல் கார் தோற்றுவிடும். சட்டத்தை விடுங்கள், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரும் சாலையோரம் நடக்கிற குழந்தைகளும்தான்.

‘டாங்கில் ஊற்றினால் உறுதியாகத் தேறும்’ என்று விற்கிற திரவங்கள் பற்றியும் கேட்பார்கள். இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை நல்ல கிளீனர் ஓரளவு கரைக்கும், அவ்வளவுதான். உடைந்த பிளக்கையும் செத்த சென்சாரையும் எந்தத் திரவமும் பிழைக்க வைக்காது. அந்தப் பணத்தில் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பல நாள் பழைய ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும், அந்த ஆவி மறுபடி எஞ்சினுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடைக் கூட்டும். எண் வரம்பை ஒட்டி நிற்கும் காருக்குப் புது ஆயிலும் புது ஏர் ஃபில்டருமே போதுமானதாக இருக்கலாம்.

தேறிய பிறகும் அளவுத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம். காரின் மற்ற ஆவணங்களோடு வைத்து, அடுத்த முறை வரும் எண்களோடு ஒப்பிடுங்கள். போன முறை 0.1 ஆக இருந்த கார்பன் மோனாக்சைடு இந்த முறை 0.25 என்று வந்தால், தேறியிருந்தாலும் ஆக்சிஜன் சென்சாரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லி அந்த வாரமே மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.