வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று டாக்டர் ஏன் கேட்கிறார்?

அமெரிக்காவில் குழந்தை நல மருத்துவர்கள் ஆண்டுச் செக்கப்பில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. தூக்கம் எப்படி, காய்கறி சாப்பிடுகிறானா, காரில் அவனுக்கென்று சீட் இருக்கிறதா, நீச்சல் குளம் இருந்தால் சுற்றி வேலி போட்டிருக்கிறதா. அந்த வரிசையில் நான் கேட்கும் இன்னொன்று: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள்?"

நம் தமிழ்க் குடும்பங்களில் பலர் இதற்குச் சிரித்துவிடுவார்கள். "எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது டாக்டர்?" என்பார்கள். ஆனால் கோவிட் காலத்துக்குப் பிறகு எல்லோரும் சிரிப்பதில்லை. சில அப்பாக்கள் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு இருக்கு. பெட்ரூம் அலமாரியில மேல்தட்டு, போர்வைக்கு அடியில. பசங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். பக்கத்திலேயே பையன் பரிசோதனை மேசையில் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருப்பான். அவன் முகத்தைப் பார்த்தாலே போதும், போர்வையின் நிறம் வரைக்கும் அவனுக்குத் தெரியும் என்பது புரிந்துவிடும்.

"லோட் பண்ணி வைக்கலை" என்பது அடுத்த சமாதானம். கைத்துப்பாக்கியின் பிடியிலிருந்து மேகசினை (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டியை) உருவி எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். குழாயின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட ஒரு தோட்டா அப்படியே இருக்கும். பல மாடல்களில் மேகசின் இல்லாமலும் அது வெடிக்கும். காலி என்று நம்பிப் பிடித்த துப்பாக்கியால்தான் எத்தனையோ விபத்துகள் நடக்கின்றன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளில் சிலருக்கே இரண்டு கைகளாலும் விசையை இழுக்கும் பலம் வந்துவிடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"என் பையன் தொடமாட்டான், சொல்லி வைத்திருக்கிறேன்" என்பவர்களிடம் 2001-இல் வெளிவந்த அட்லாண்டா ஆய்வைப் பற்றிப் பேசுவேன். 8 முதல் 12 வயது வரையிலான 64 சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, ஒருபக்கக் கண்ணாடி வழியாகக் கவனித்தார்கள். இழுப்பறையில் ஒரு நிஜக் கைத்துப்பாக்கி, சுட முடியாதபடி செய்யப்பட்டது. பெரும்பாலான குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. கண்டுபிடித்த குழுக்களிலும் பெரும்பாலானவை அதைக் கையில் எடுத்தன. சில பையன்கள் விசையையும் இழுத்துப் பார்த்தார்கள். அது பொம்மையா நிஜமா என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எடுத்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, அந்த வயது அப்படி. பத்து வயதுக்காரனின் ஆர்வத்தை அறிவுரையால் பூட்ட முடியாது. அதற்கு நிஜப் பூட்டுதான் வேண்டும்.

2020 முதல் இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்த இடத்தில் இருந்தது வாகன விபத்து. சீட் பெல்ட் கட்டாயமானது, குழந்தை சீட் கட்டாயமானது, குடித்துவிட்டு ஓட்டினால் தண்டனை கடுமையானது, கார்களும் மாறின. அதனால் வாகன மரணங்கள் குறைந்தன. யாரும் காரைத் தடை செய்யவில்லை.

எல்லா வயதினரையும் சேர்த்தால் 2023-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,000-க்கும் மேல். இதில் 27,000-க்கும் அதிகமானவை தற்கொலைகள். செய்திச் சேனல்கள் நாள் முழுக்கக் காட்டும் கூட்டப் படுகொலைகள் இந்தக் கணக்கில் மிகச் சிறிய பகுதி. துப்பாக்கிச் சட்டம் என்றதும் நம் மனம் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் ஒரு கொடியவனை நினைக்கிறது. என் கண் முன் வருவது வேறு: பரீட்சையில் தோற்ற, காதலில் உடைந்த, அப்பாவிடம் திட்டு வாங்கிய ஒரு பதினாறு வயது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை.

அந்த மாலை கடந்துபோகக் கூடியது. இதைத்தான் பெற்றோர்களுக்குப் புரியவைக்க நான் மிகவும் பாடுபடுகிறேன். தற்கொலை என்பது முடிவெடுத்துவிட்டவரின் செயல், ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் போவார் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. டெக்சாஸின் ஹூஸ்டனில், கடுமையான முயற்சிக்குப் பிறகு பிழைத்த இளவயதினரிடம் நடந்த ஆய்வில், ஏறத்தாழ கால்வாசிப் பேர், நினைத்ததற்கும் செய்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை. ஆனால் துப்பாக்கியைத் தொட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தப் பிற்காலமே கிடைப்பதில்லை. மனம் மாற நேரம் கொடுக்காத பொருள் அது.

தமிழர்களுக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இலங்கையில் 1990-களில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, பெரும்பகுதி பூச்சிமருந்தால். 1995 முதல் கொடிய மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டில் விகிதம் பாதியாகக் குறைந்தது. போரும் வறுமையும் அப்போது மறைந்துவிடவில்லை. கைக்கு எட்டிய விஷம் மாறியது, அவ்வளவுதான். இஸ்ரேல் ராணுவமும் 2006-இல், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று விதியை மாற்றியது. வீரர்களின் தற்கொலை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. யாரிடமிருந்தும் துப்பாக்கியைப் பறிக்கவில்லை. வார இறுதியில் மட்டும் தள்ளி வைத்தார்கள்.

சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை, சட்டத்துக்கு என்ன வேலை? ஃபுளோரிடா மாநிலம் 2011-இல், நோயாளிகளிடம் துப்பாக்கி பற்றிக் கேட்பதையே மருத்துவர்களுக்குக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. அதன் முக்கியமான பகுதிகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தது. 2018-இல் துப்பாக்கி உரிமைச் சங்கமான என்.ஆர்.ஏ, மருத்துவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கட்டும் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதியது. ரத்தம் படிந்த அறுவை அறைப் படங்களோடு நாடு முழுவதிலிருந்தும் மருத்துவர்கள் பதில் போட்டார்கள். ஆக, கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. எங்கள் கிளினிக்கில் இலவசமாகக் கேபிள் பூட்டும் கொடுக்கிறோம். கம்பியை மேகசின் போகும் துளைக்குள் விட்டு வெளியே எடுத்துப் பூட்டினால் மேகசினைச் செருக முடியாது, தோட்டா அறையும் மூடாது. ஐந்து நிமிட வேலை. வாங்கிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் போட்டார்களா என்று நான் போய்ப் பார்க்க முடியுமா? என் கேள்வி என் அறைக் கதவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் போக ஒரு சட்டம் தேவைப்படுகிறது.

பூட்டி வைக்காத, தோட்டா ஏற்றிய துப்பாக்கி இருக்கும் வீடுகளில் ஏறத்தாழ 46 லட்சம் அமெரிக்கக் குழந்தைகள் வாழ்கிறார்கள் என்றது 2021-இல் நடந்த ஒரு கணக்கெடுப்பு. மாசசூசெட்ஸில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கவேண்டும் என்பது 1998 முதல் சட்டம். வாங்குவதற்கு முன் உள்ளூர்ப் போலீஸிடம் உரிமம் பெறவேண்டும். அங்கே துப்பாக்கி மரணம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு நான்கைத் தாண்டாத அளவு. சட்டம் தளர்வாக உள்ள மிசிசிப்பியில் அதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. வறுமை, மருத்துவ வசதி என்று வேறு காரணங்களும் இந்த வித்தியாசத்தில் கலந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள் இளையோரின் தற்கொலைகளையும் விபத்துகளையும் குறைக்கின்றன என்பதில், துப்பாக்கி ஆய்வுகளை எல்லாம் கறாராக எடைபோடும் ராண்ட் நிறுவனத்துக்கே சந்தேகமில்லை.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்ட் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று பதினைந்து வயது மாணவன் நான்கு பேரைக் கொன்றான். துப்பாக்கி, நான்கு நாள் முன்பு அவன் அப்பா வாங்கியது. 2024-இல் தாய், தந்தை இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. அதே ஆண்டில்தான் மிச்சிகனில் பூட்டி வைக்கும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரைச் சிறையில் போடுவதில் எனக்குத் திருப்தியில்லை. முன்னாலேயே ஒரு விதி இருந்து, கடைக்காரர் பூட்டோடு அந்த விதியையும் கையில் கொடுத்திருந்தால் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்த சீக்ரெட் சர்வீஸின் 2019 அறிக்கையும் இதையே காட்டியது: துப்பாக்கியோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்துதான் எடுத்திருந்தார்கள்.

வாங்கும் இடத்திலும் இதே ஓட்டைகள்தான். கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் பின்னணியைச் சரிபார்க்கவேண்டும். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் வேண்டியதில்லை. சரிபார்ப்பு மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் இப்படித்தான் துப்பாக்கி வாங்கினான். டெக்சாஸின் யுவால்டியில் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த பிறகு, 2022 ஜூனில் வந்த சட்டம் 21 வயதுக்குக் கீழானவர்களுக்குச் சரிபார்ப்பை நீட்டித்தது. தாமதமாக வந்தாலும் நல்ல சட்டம்.

இவற்றில் என் தொழிலுக்கு மிக நெருக்கமானது, ஆபத்தில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின் மூலம் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் சட்டம். 1999-இல் கனெக்டிகட்டில் தொடங்கியது. 2018-இல் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த சில வாரங்களில், துப்பாக்கிக்கு எப்போதும் இடம் கொடுத்த ஃபுளோரிடாவும் இதைக் கொண்டுவந்தது. கனெக்டிகட்டை ஆராய்ந்தவர்கள், 10 முதல் 20 உத்தரவுகளுக்கு ஓர் உயிர் தற்கொலையிலிருந்து தப்புகிறது என்று மதிப்பிட்டார்கள். நான் எழுதித் தரும் எத்தனையோ மாத்திரைகளுக்கு இவ்வளவு நல்ல கணக்கு கிடையாது.

"அரசியல் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறதே" என்பார்கள். கொடுத்திருக்கிறது. தனிமனிதருக்கு அந்த உரிமை உண்டு என்று 2008-இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே, அது எல்லையில்லாத உரிமை அல்ல என்றும் எழுதியது. குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவுக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக்கூடாது என்ற சட்டத்தை 2024-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டதும் அதே நீதிமன்றம்தான். "திருடன் சட்டத்தை மதிப்பானா?" என்ற கேள்விக்கும் இதுதான் பதில்: நான் பேசும் மரணங்களில் பெரும்பகுதியில் திருடனே இல்லை.

இன்று உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்து, யாராவது ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அதை வீட்டை விட்டு வெளியே வையுங்கள். சில ஊர்களில் போலீஸ் நிலையமோ துப்பாக்கிக் கடையோ தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். முதலில் போன் செய்து கேளுங்கள், துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போகாதீர்கள். நண்பரிடம் கொடுப்பதற்குச் சில மாநிலங்களில் விதி உண்டு, அதையும் அந்தப் போனிலேயே விசாரித்துவிடுங்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டும் என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988, இரவும் பகலும் எடுப்பார்கள். தமிழில்தான் பேச வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளை வேறு வீட்டுக்கு விளையாடப் போகிறான் என்றால், வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்லும் அதே போனில் துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். என்னிடம் அப்படிக் கேட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். நான் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.