கட்டுக் கணக்கில் புல் வாங்காதீர்கள்

கால்நடை மருத்துவராகப் பண்ணைக்குப் போனால், எந்த நோய்க்காகக் கூப்பிட்டிருந்தாலும் தீவனக் கொட்டகையையும் ஒரு நடை எட்டிப் பார்த்துவிடுவேன். புல் கட்டுக்குள் கையை விட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும். உள்ளே வெதுவெதுப்பு, பிரித்தால் வெள்ளையாகப் புழுதி, பூஞ்சை நெடி. புல் நன்றாகக் காயும் முன்பே கட்டியவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அவசரத்துக்கும் காரணம் உண்டு. வெட்டும்போது புல்லில் 75 முதல் 80 சதவீதம் தண்ணீர். சிறிய சதுரக் கட்டாகக் கட்ட அது 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். பெரிய உருளைக் கட்டில் சூடு வெளியேற வழி குறைவு, அதனால் இன்னும் காயவேண்டும். அதற்குள் மழை வந்தால் போச்சு. சரி, நன்றாகவே காயட்டும் என்று விட்டால், குதிரைமசால் போன்ற தீவனப் பயிரில் இலை நொறுங்கி மண்ணோடு போகும். புரதத்தில் பெரும்பகுதி அந்த இலையில்தான். ஆக, கட்டுவதற்கு வாய்ப்பது சில மணி நேரம். ஆள், டிராக்டர், புல்லைக் கட்டாகக் கட்டும் பேலர் இயந்திரம் எல்லாம் அந்த நேரத்துக்குள் வந்து சேரவேண்டும். வாடகை பேலர் ஒருநாள் தள்ளி வந்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது புல்லில் போய்விடும். சொந்தமாக வாங்கினாலோ, வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு முழு வருடமும் தவணை.

ஈரத்தோடு கட்டியது முதல் சில வாரங்களில் உள்ளுக்குள் சூடேறும். 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அடிக்கடி பார்க்கவேண்டும். 80 டிகிரியை நெருங்கினால் தானாகவே தீப்பிடிக்கலாம். சந்தேகமான கட்டுகளைக் கொட்டகைக்குள் அடுக்காமல் தள்ளி வையுங்கள்.

வாங்குபவர்கள் கோட்டைவிடுவது கணக்கில். 25 கிலோ கட்டில் 15 சதவீத ஈரம் இருந்தால் தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் 21.25 கிலோ. 25 சதவீதம் இருந்தால் 18.75 கிலோதான். நூறு கட்டு வாங்கினால் கூடுதலாக 250 கிலோ தண்ணீருக்குப் புல் விலை கொடுக்கிறீர்கள். உருளைக் கட்டு வெளியில் நனைந்து கிடந்தால் இன்னும் மோசம். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள கட்டில் வெளிப்புற 15 சென்டிமீட்டர் மட்டும் மொத்தக் கன அளவில் 36 சதவீதம். ‘மேலாகத்தானே கெட்டிருக்கு’ என்று சொல்லும்போது இது யாருக்கும் தோன்றுவதில்லை.

விற்பவருக்கும் ஒரு செலவு கண்ணில் படாமல் போகிறது. ஒவ்வொரு டன் புல்லோடும் நிலத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோ பொட்டாஷ் சத்து வெளியேறுகிறது. உரச் செலவைச் சேர்க்காமல் லாபம் பார்த்தால் அது லாபமே இல்லை.

அப்புறம், பேலரில் புல் அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கவேண்டும். பேலரைச் சுழற்றும் டிராக்டரின் பிடிஓ தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணி மாட்டினால் விடுவித்துக்கொள்ள நேரம் கிடைக்காது.

விலை பேசும் முன் சில கட்டுகளை எடை போட்டு, ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பூஞ்சை இருந்தால் வேண்டாம். சினை மாட்டுக்குக் கருச்சிதைவு வரலாம், அதைப் பிரித்துப் போடுபவரின் நுரையீரலுக்கும் கேடு.