வற்றுநீர் வளர்ப்பு

மண் இல்லாமல், உரம் கரைத்த நீரில் செடி வளர்ப்பதை ஹைட்ரோபோனிக்ஸ் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன: ஹைடோர் என்றால் நீர், போனோஸ் என்றால் உழைப்பு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கெரிக் முதலில் அக்வாகல்சர் என்றுதான் சொல்லிவந்தார். அந்தப் பெயரை மீன் வளர்ப்பவர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்ததால், சக பேராசிரியர் செட்செல் சொன்ன புதுப் பெயரை 1937-இல் அச்சில் ஏற்றினார்.

தமிழிலும் அதே இடறல். நீரியல் என்றால் ஆறு, ஏரி, நிலத்தடி நீர் பற்றிய படிப்பு. 'நீரியல் வேளாண்மை' என்றால் குழப்பம்தான். 'மண்ணில்லா வேளாண்மை'யில் தென்னைநார்க் கழிவில் வளர்ப்பதும் அடங்கிவிடும். வெறும் தண்ணீரில் கீரை தேறாது, உரம் கரைத்த நீர் வேண்டும். ஆகவே 'சத்துநீர் வளர்ப்பு' பொருந்தும்.

பம்ப் இல்லாத எளிய வகையை ஆங்கிலத்தில் 'பாசிவ்' என்பார்கள். அதைச் 'செயலற்ற' என்று எழுதுவது அகராதி மொழிபெயர்ப்பு. இதைப் பரப்பிய ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி 'சுழலாத' முறை என்றார். 'நிலைநீர்' என்றும் சொல்லலாம், ஆனால் அதில் ஆபத்து உண்டு: நீர் மட்டம் இறங்காமல் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் செடி செத்துவிடலாம். நீர் இறங்கவேண்டும். 'வற்றுநீர் வளர்ப்பு' என்றால் பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

5 லிட்டர் தயிர் வாளி, மூடியில் 2 அங்குல வலைக்கூடைக்கு ஒரு துளை. ஸ்பாஞ்சில் முளைத்து 2, 3 இலை விட்ட பாலக் நாற்று, அல்லது கீழ் இலை கிள்ளிய புதினாத் தண்டு. தொடக்கத்தில் நீர் கூடையின் அடியில் 1 செ.மீ. நனைத்தால் போதும். நீர் இறங்க இறங்க, வெளியே தெரியும் வேரில் வெள்ளை மீசைபோலப் பூனைமயிர் படரும். அது காற்றை வாங்கும் வேர். தண்ணீர் குறைந்துவிட்டதே என்று வாளியை விளிம்புவரை நிரப்பினால் அது மூச்சுமுட்டி அழுகும். இரண்டு நாளில் இலை துவளும். அறுத்து அறுத்துத் துளிர்க்கவிடும் கீரைக்கு மறுபடி சத்துநீர் விடும்போது பாதி வாளிவரை மட்டும் ஊற்றுங்கள்.

சத்துநீருக்கான உரம் ஏ, பி என்று இரண்டு புட்டியாக வரும். முதலில் ஏ-யைத் தண்ணீரில் கலக்கி, பிறகு பி. இரண்டையும் நேராகச் சேர்த்தால் கால்சியம் சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடும். கீரைக்கு ஈ.சி. (கரைந்த உரத்தின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm அலகில்) 1.2 முதல் 1.6, பி.எச். (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5.

சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் தொடவேண்டாம். ஆர்.ஓ. கழிவுநீர் அதைவிட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. மெட்ரோ தண்ணீர், மழைநீர், ஏ.சி. சொட்டுநீர் நல்லது.

வெள்ளை வாளியில் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும். முதலில் கறுப்பு பெயின்ட், மேலே வெள்ளை அடியுங்கள். கறுப்போடு விட்டால் மே மாத மொட்டைமாடியில் நீர் 30 டிகிரி தாண்டும், ஆக்சிஜன் குறைந்து வேர் பழுப்பாகி வழவழக்கும். ஈரக்கோணி சுற்றலாம். கூடைக்கும் துளைக்கும் இடையே சந்து இருந்தால் கொசு முட்டையிடும். மட்டம் பார்க்கப் போட்ட சின்னத் துளை இருந்தால் அதையும் நைலான் வலையால் அடைத்துவிடுங்கள்.