ஆக்சஸ் கோப்பின் கடவுச்சொல்: மறந்துவிட்டால் திறக்குமா?

அலுவலகக் கணினியில் பல ஆண்டுகளாக உறுப்பினர் பட்டியலையும் வரவு செலவையும் சுமந்துகொண்டிருக்கும், மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸின் கோப்பு ஒன்று கடவுச்சொல் கேட்கிறது. அதை வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அல்லது வைத்தவருக்கே நினைவில்லை. இதைத் திறக்க முடியுமா என்ற கேள்விக்கு எல்லாக் கோப்புக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கோப்புப் பெயரின் கடைசியில் இருப்பது எம்டிபியா, ஏசிசிடிபியா என்று பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும். கடவுச்சொல் என்று இரண்டிலும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், அது செய்யும் வேலை இரண்டிலும் வேறு.

1992இல் வெளிவந்த ஆக்சஸ், 2003ஆம் ஆண்டுப் பதிப்பு வரை எம்டிபி வடிவத்தையே பயன்படுத்தியது. அதில் கடவுச்சொல் என்பது வாசலில் நிற்கும் காவலாளி மட்டுமே. மென்பொருள் கோப்பைத் திறக்கும்போது, தட்டிய சொல்லும் கோப்பின் தலைப்பகுதியில் பதிந்திருக்கும் சொல்லும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றாக இல்லையென்றால் திறக்க மறுக்கும். உள்ளே இருக்கும் தரவுக்கு அந்தச் சொல்லால் எந்த மாற்றமும் நேர்வதில்லை. எனவே அதே கோப்பை ஆக்சஸ் வழியாக அல்லாமல், பைட்களை அப்படியே காட்டும் மென்பொருளில் திறந்தால், ஆங்கிலத்தில் உள்ளிட்ட பெயர்களும் முகவரிகளும் வரிசையாகக் கண்ணில் படும்.

கடவுச்சொல்லைப் பதிந்துவைத்த விதம் இதைவிட வேடிக்கையானது. ஆக்சஸ் 97 கோப்பில் முதல் 66 பைட்களைத் தாண்டியதும் வரும் 20 பைட்களில் அது இருக்கிறது. நேரடியாகத் தெரியாமல் இருக்க, ஒவ்வொரு எழுத்தின் எண்ணும் ஒரு மறைப்பு எண்ணோடு ‘எக்ஸார்’ செய்யப்பட்டிருக்கும். அதாவது, இரு எண்களையும் இரும வடிவில் எழுதி, இலக்கங்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் 0, வேறுபடும் இடத்தில் 1 என்று போடுவது. கோவை என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வைத்ததாகக் கொள்வோம். முதல் எழுத்தின் எண் 75. அந்த இடத்துக்கான மறைப்பு எண் 134. கோப்பில் விழுவது 205. இந்த 205ஐ மீண்டும் 134உடன் எக்ஸார் செய்தால் 75 திரும்பி வந்துவிடும். மறைப்பு எண்கள் எல்லாக் கோப்புக்கும் பொது என்பதால், அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. கடவுச்சொல் இல்லாத வெற்றுக் கோப்பில் அந்த இடத்தில் மறைக்கப்படுவது சுழியம்; சுழியத்தை எந்த எண்ணோடு எக்ஸார் செய்தாலும் அந்த எண்ணே கிடைக்கும்; ஆகவே வெற்றுக் கோப்பு 134, 251, 236 என்று மறைப்பு எண்களைத் தானே ஒப்பித்துவிடுகிறது!

ஆக்சஸ் 2000 வந்தபோது, கோப்பு உருவாக்கப்பட்ட தேதியையும் இந்த மறைப்பில் சேர்த்தார்கள். ஆனால் அந்தத் தேதியும் அதே தலைப்பகுதியில்தான் இருந்தது. சாவியை மிதியடிக்கு அடியிலிருந்து எடுத்துப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்ததுபோல்தான். பழைய எம்டிபி கோப்பின் கடவுச்சொல்லை மீட்டுத்தரும் மென்பொருள்கள் நொடிப்பொழுதில் விடை சொல்வதற்குக் காரணம் இதுவே. அவை எதையும் ஊகிப்பதில்லை, படிக்கின்றன.

2007இல் ஏசிசிடிபி வடிவம் வந்தபிறகு நிலைமை மாறியது. இதில் கடவுச்சொல்லிலிருந்து கணித வழியில் ஒரு சாவி உருவாக்கப்பட்டு, அந்தச் சாவியால் தரவுப் பக்கங்கள் குறியாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றப்படுகின்றன. கோப்பில் கடவுச்சொல் எங்கும் இல்லை. தட்டிய சொல்லிலிருந்து பிறக்கும் சாவி சரியானதா என்று சோதிக்க உதவும் சிறு மறைபொருள் மட்டுமே இருக்கிறது. பக்கங்களை எல்லாம் மாற்றி எழுத வேண்டியிருப்பதால்தான், கடவுச்சொல் வைக்கவும் நீக்கவும் வேறு யாரும் நுழையாதபடி கோப்பைத் தனியுரிமை முறையில் திறக்கச் சொல்கிறது ஆக்சஸ். 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் இயல்பான குறியாக்கம் பழையது, வலுக்குறைந்தது. 2010 முதல் அது வலுவாக்கப்பட்டது.

சாவியை உருவாக்கும் வேலை வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்டிருக்கிறது. ஆஃபீஸ் 2013 ஆவணங்களில், தரும் சொல்லைப் பின்னோக்கிப் பிரித்தெடுக்க முடியாத எண்ணாகக் கலக்கும் ‘ஷா-512’ என்ற கலப்புச் சார்பு 1,00,000 முறை திரும்பத் திரும்ப இயக்கப்பட்ட பிறகே சாவி கிடைக்கும். இதன் விளைவை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைக் கொண்டு ஏறத்தாழ 20,883 கோடிச் சொற்களை உருவாக்கலாம். நொடிக்கு 100 கோடி முறை கலக்கும் கருவி, ஒரு சொல்லுக்கு ஒரே முறை கலந்தால் போதும் என்றால், அத்தனையையும் மூன்றரை நிமிடத்தில் முயன்றுவிடும். லட்சம் முறை கலக்க வேண்டுமென்றால் 242 நாள் ஆகும். எழுத்துகள் பன்னிரண்டானால் மூன்று லட்சம் ஆண்டுகளைத் தாண்டும். இத்தகைய கோப்பின் கடவுச்சொல் தொலைந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர முடியாது; எந்தக் கோப்பையும் திறந்து தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுவதில் பயனில்லை.

அப்படியானால் மறந்தவர் என்ன செய்யலாம்? முதலில் கோப்பைப் படியெடுத்துவிட்டு, படியில்தான் முயல வேண்டும். பெரிய எழுத்து விசை அழுந்தியிருக்கிறதா, தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் தட்டுவதெல்லாம் உடுக்குறிகளாகவே தெரியும் கட்டத்தில், தமிழ்99 முறையில் ‘கே’ விசைக்கு ‘ம’ விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு, கடவுச்சொல் வைப்பதற்கு முன் எடுத்த காப்புப்படி எங்காவது கிடக்கிறதா என்று தேட வேண்டும். சொல்லின் ஒரு பகுதி நினைவிருந்தால், அதைச் சுற்றிய சில ஆயிரம் வடிவங்களை மட்டும் முயலும்படி மீட்பு மென்பொருளுக்குச் சொல்லலாம். இரண்டு மூன்று எழுத்துகளில்தான் ஐயம் என்றால் லட்சம் கலப்பும் பெரிய தடையல்ல.

இன்னொரு வழியும் உண்டு. பல அலுவலகங்களில் தரவு ஒரு கோப்பிலும், படிவங்களும் அறிக்கைகளும் வேறொரு கோப்பிலும் இருக்கும். தரவுக் கோப்பின் அட்டவணைகளை இரண்டாவது கோப்போடு இணைக்கும்போது, ஆக்சஸ் அந்தக் கடவுச்சொல்லைக் குறியாக்கம் செய்யாமல் இணைப்பு விவரத்தோடு அங்கேயே எழுதிவைக்கிறது. மறந்தவருக்கு இது கைகொடுக்கும். ஆனால் படிவக் கோப்பின் படி யாரிடமெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் அனைவரிடமும் தரவுக் கோப்பின் கடவுச்சொல்லும் இருக்கிறது. படிவக் கோப்புக்கும் தனியே ஒரு கடவுச்சொல் வைத்துக் குறியாக்கம் செய்தால்தான் அந்த வழி அடைபடும்.